தாய்ப்பலகைப் பெட்டியும் அதன் உள்ளுறையும்

கணினி இன்று பெரும்பாலான இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும், அதன் மூடியைக் கழற்றி உள்ளே நோக்கியோர் மிகச் சிலரே. அவருள்ளும் பெரும்பாலார் தூசி துடைத்து மூடியதோடு அமைந்தோராவர். உள்ளிருக்கும் உறுப்புக்கள் எல்லாவற்றையும் தாங்கி, ஒன்றோடொன்றை இணைத்து, அவற்றிற்கு வேண்டிய மின்னைப் பகிர்ந்தளித்து நிற்பது தாய்ப்பலகை எனப்படும். செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் பற்றிப் பேசுவோர் பலர். தம் கணினியிலுள்ள தாய்ப்பலகையின் பெயரைத்தானும் அறிந்தோர் அரியர். பெட்டியுள் அடைபட்டிருந்த தாய்ப்பலகை ஒன்றை எமது ஆய்வுகூடத்தில் மாணவர் சூழ இருக்கத் திறந்து, அதனையும் அதனுடன் வந்த துணைப்பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த வகையை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அப்பெட்டி எம்மிடம் வந்த வரலாறு சுருங்கியது. பழைய மாணவர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் தமக்கென வாங்கித் திறவாமலே வைத்திருந்த தாய்ப்பலகை ஒன்றையும் அதற்குரிய செயலியையும் கல்லூரிக்கு அளித்தார். பலகை, தைவான் நாட்டு ஏசுஸ் நிறுவனத்தாரின் ‘றாம்பேஜ் 4 எக்ஸ்ற்றீம்’ என்பது. 2011 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இன்ரெல் நிறுவனத்தார் எக்ஸ் 79 என்னும் சில்லுத்தொகுதியை வெளியிட்டபோது, அதனையொட்டி வெளிவந்த பலகைகளுள் இது தலைசிறந்தனவற்றுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. ஏசுஸ் 1989 இல் தைப்பே நகரில் தொடங்கப்பெற்றது. கிரேக்கர் கதையில் வரும் பெகாசுஸ் என்னும் சிறகுடைய குதிரையின் பெயரில் இறுதிப் பகுதியை எடுத்துத் தமக்குப் பெயராக்கிக்கொண்டனர். அந்நிறுவனத்தார் 2006 ஆம் ஆண்டு தொடக்கம் ‘விளையாட்டாளர் குடியரசு’ எனப் பொருள்படும் தனிப்பெயர் ஒன்றின்கீழ், ஆர்வலர்க்கெனச் சில பலகைகளை வேறாகச் செய்து வருகின்றனர். எமது பலகை அவ்வரிசையைச் சேர்ந்தது.

ஆர்வலர்க்குரிய பலகை என்பது யாது? அலுவலகத்திற்கோ வீட்டிற்கோ வாங்கப்படும் சாதாரண பலகை, செயலியை அதன் ஆக்கியோர் விதித்த மீடிறனில் ஓட்டினாற் போதும். ஆர்வலரோ அம்மட்டில் அமைவதில்லை. விதித்த மீடிறனுக்கு மேலே செயலியை எவ்வளவு தூரம் உந்தலாம் என்று சோதித்துப் பார்ப்பதே அவர்க்கு இன்பம். அவ்வாறு உந்துங்கால் மின்னோட்டம் மிகும், வெப்பம் மிகும், பிழைகள் தோன்றும். அவற்றைத் தாங்கவும் அளக்கவும் திருத்தவும் வேண்டிய கருவிகள் யாவும் பலகையிலேயே அமைக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒரு பலகை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர்க்கு இத்தகையது மிகவும் ஏற்றதாகும். பழையதாயிற்றே என்று இகழ வேண்டா. அண்மைக் காலத்து உயர்தரப் பலகைகள் உலோகத் தகடுகளாலும் பிளாஸ்ரிக்கு மூடிகளாலும் வண்ண விளக்குகளாலும் போர்த்தப்பட்டு வருவதால், கற்பிப்பவன் காட்ட வேண்டிய உறுப்புக்களுட் பல மறைந்துவிடுகின்றன.

இன்னுமொன்று சொல்லிவிடல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் தம்முட் பணம் சேர்த்து வாங்கிய தாய்ப்பலகை ஒன்று எமது ஆய்வுகூடத்திற் பொருத்தப்படும் முன்னரே பழுதாயிற்று. பழுதாக்கியவன் யானே. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை உரிய இடத்திற் கூறுவேன். இம்முறை எம்மிடம் இருந்தது ஒரே பலகை, ஒரே செயலி. உத்தரவாதக் காலம் கழிந்து நெடுநாளாயிற்று. கெடுமாயின் மாற்றுப் பெற வழியில்லை. ஆதலின் பெட்டியைத் திறக்குமுன் இரண்டு நாள் இதனைப் பற்றியே வகுப்பிற் பேசினோம்.

பெட்டி செந்நிறமானது, அகன்றது, ஒரு நூலின் அட்டைபோல முன்மடல் திறக்கும். மடலை விலக்கியவுடன் தெளிந்த சாளரத்தின் வழியே பலகை தோன்றும். கடைத்தட்டில் வைத்து விற்பதற்கேற்ற ஏற்பாடு இது. மடலின் உட்புறத்தும் பெட்டியின் பின்புறத்தும் அச்சிட்டிருந்த புகழுரைகளை மாணவர் ஆவலோடு படித்தனர். அவற்றுட் பாதி விளம்பரம் என்பதைச் சொல்லி, மறுபாதியை மட்டும் குறித்துக்கொள்ளச் செய்தேன். குறித்துக்கொள்ளத்தக்கவற்றுள் முதன்மையானது பலகையின் அளவு. ஏரிஎக்ஸ் என்னும் பொது அளவு 1995 இல் இன்ரெல் வகுத்தது. அது 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. இப்பலகையோ 272 மில்லிமீற்றர் அகலமுடையது. 28 மில்லிமீற்றர் மிகுதி என்பது கேட்பதற்குச் சிறிதெனினும், சாதாரண கணினிக்கூட்டினுள் இதனை வைத்தால் வன்தட்டுத் தாங்கியில் இடிக்கும். கூட்டை முன்னரே அளந்து பாராது பலகையை வாங்கி வந்து, பின்னர்த் தாங்கியை வாளால் அறுத்தாரை யான் அறிவேன்.

பலகையை வெளியே எடுக்குமுன் நிலைமின்னைப் பற்றி அறிதல் இன்றியமையாதது. உலர்ந்த அறையிற் கம்பளத்தின் மேல் நடப்பவரின் உடலில் ஆயிரக்கணக்கான வோற்று நிலைமின் சேர்தல் கூடும். விரலிற் பொறி தெறித்ததை நாம் உணர்வதற்கு ஏறத்தாழ 3000 வோற்றாதல் வேண்டும். ஆனால் இலத்திரனியற் சில்லுக்குள்ளிருக்கும் நுண்ணிய காவற்படையைத் துளைப்பதற்குச் சில நூறு வோற்று, சிலவிடத்து அதனினும் குறைவு, போதியது. ஆகவே நாம் உணராமலே ஒரு சில்லைக் கொன்றுவிடல் கூடும். கொல்லாது காயப்படுத்திவிடுதல் இன்னும் கொடிது. சில மாதங்கள் ஒழுங்காக ஓடிப் பின்னர்க் காரணந் தெரியாமல் நிற்கும். எமது நாட்டின் ஈரப்பதன் மிக்க வளி இவ்வகையில் நமக்கு நண்பன். நிலைமின்னை அது தேங்கவிடாது. எனினும் குளிரூட்டிய அறையில் அந்நட்பை நம்புதல் ஆகாது. பெரும்பாலான பலகைகள் சாம்பல் நிறப் பளபளப்புடைய பையொன்றினுள் இடப்பட்டு வரும். பையின் படையில் மெல்லிய உலோகம் பூசப்பட்டிருக்கும். மூடிய உலோகக் கூட்டினுள்ளே வெளி மின்புலம் புகாது என்று 1836 இல் மைக்கல் பரடே காட்டிய உண்மையே அப்பையின் தத்துவம். ஆகவே பை காப்பது மூடியிருக்கும்போது மட்டுமே. அதனை விரித்துப் போட்டு, அதன்மேற் பலகையை வைத்து மின்னேற்றிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உலோகம் பூசிய பரப்பின் மீது மின்னேறிய பலகையை வைத்தல் அறிவுடைமையன்று, அட்டையே போதும். நாம் கூட்டின் உலோகத்தைத் தொட்டு, மணிக்கட்டிற் புவித்தொடுப்புப் பட்டி அணிந்து, பலகையை விளிம்பிற் பிடித்து எடுத்து, மரமேசையின் மீது விரித்த அட்டையில் வைத்தோம்.

முதலில் நோக்கற்குரியது செயலிக்கான தாங்குகுழி. முற்காலத்தில் ஊசிகள் செயலியின் அடியில் இருந்தன. குழியில் துளைகள் இருந்தன. 2004 இல் இன்ரெல் இம்முறையை மாற்றிச் செயலியின் அடியைத் தட்டையான பொன்முலாமிட்ட புள்ளிகளாக்கி, ஊசிகளைத் தாய்ப்பலகையின் குழிக்கு இடம்பெயர்த்தது. அதனால் ஊசி வளையும் ஆபத்துச் செயலியை விட்டுப் பலகையின் தலைமேல் வந்தது. எமது பலகையின் குழிக்கு எல்ஜிஏ 2011 என்று பெயர். அவ்வெண் ஆண்டைக் குறித்ததன்று. குழியிலுள்ள தொடுகம்பிகளின் தொகையைக் குறித்தது. ஆண்டும் அதுவாய் அமைந்தது தற்செயல். 2011 கம்பிகளும் மயிரிழை போன்றவை. ஒவ்வொன்றும் சற்றே வளைந்து, மேலே வரும் செயலியின் புள்ளியை வில்போல் அழுத்தி நிற்கும். உணவுத்தட்டில் அறுகம்புல் முளைத்தாற்போன்ற தோற்றம். ஒளியைச் சரிவாகப் பாய்ச்சிப் பார்த்தால் எல்லாம் ஒரே சாய்வில் மின்னும். ஒன்று வளைந்திருப்பின் அவ்விடத்து ஒழுங்கு குலைந்து கரும்புள்ளி தோன்றும்.

முன்பு யான் கெடுத்த பலகை இவ்விடத்திலேதான் கெட்டது. குழியை மூடியிருந்த பிளாஸ்ரிக்கு மூடியை அவசரத்தில் முதலிலேயே கழற்றி எறிந்துவிட்டேன். பின்னர்ச் செயலியை இரு விரலாற் பிடித்து இறக்குங்கால் ஒரு மூலை நழுவிற்று. ஏழெட்டுக் கம்பிகள் வளைந்தன. தையலூசியால் நிமிர்த்த முயன்றேன்; இரண்டு முறிந்தன. அம்மூடி கைவசம் இல்லாததால், திருப்பி அனுப்புவதற்கும் வழியற்றுப் போயிற்று. தாங்குகுழி மூடியோடு வந்தாலன்றிப் பலகையை உத்தரவாதத்தின்கீழ் ஏற்பதில்லை என்பது பல ஆக்கியோர் எழுதி வைத்திருக்கும் விதி. பணம் சேர்த்த மாணவர் எவரும் என்னை ஒரு சொற்றானும் கூறிற்றிலர். அதுவே எனக்குப் பெருந் துன்பமாயிருந்தது.

ஆதலின் இம்முறை மூடியை இறுதிவரை கழற்றவில்லை. இக்குழிக்கு நெம்புகோல்கள் இரண்டு. எதனை முதலில் விடுவிப்பது என்னும் வரிசை பலகையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். செயலியின் ஒரு மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியும் குழியின் குறியும் ஒன்றுபட வைத்து, செங்குத்தாக இறக்கி, கையை விட்டுவிடல் வேண்டும். அழுத்துதல் கூடாது, செயலி தன் நிறையாலேயே அமரும். செயலியை இறக்கும் பணியை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒப்புவித்தேன். அவள் கை நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கிற்று.

தாங்குகுழியைச் சூழ்ந்து சதுரமான கருங்கட்டிகளும் அவற்றின் அருகே சிறு உருளைகளும் வரிசையாக நிற்கின்றன. சிலர் இவற்றை அலங்காரமெனக் கருதிக் கடந்து போவர். பலகையின் பௌதிகம் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது என்பது என் கருத்து. எமக்குக் கிடைத்த செயலி இன்ரெல் கோர் ஐ7 3930கே என்பது. ஆறு கருக்களும் 130 உவாற்று வெப்ப அளவும் உடையது. இச்செயலி ஏறத்தாழ 1.2 வோற்றில் இயங்குவதாகக் கொள்வோம். வலுவை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 130 ஐ 1.2 ஆல் வகுக்க ஏறத்தாழ 108 அம்பியர் வரும். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் 2000 உவாற்று மின்கேத்தல் 230 வோற்றில் இழுப்பது 9 அம்பியருக்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்க்குக. ஒரு தீப்பெட்டியின் பரப்பளவே உடைய செயலிக்குள் அதனினும் பன்னிரு மடங்கு ஓட்டம் பாய்கின்றது!

இவ்வளவு ஓட்டத்தை மின்வழங்கியிலிருந்து நீண்ட கம்பிகளின் வழியே கொண்டுவரல் இயலாது. கம்பியில் வெப்பமாய் இழக்கப்படும் வலு ஓட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமானது என்பதை மாணவர் அறிவர். ஆகவே மின்வழங்கி 12 வோற்றில், ஏறத்தாழ 11 அம்பியராக அனுப்புகின்றது. ஓட்டம் பத்திலொன்றாகவே இழப்பு நூற்றிலொன்றாகின்றது. செயலியின் அருகே வந்ததும், அக்கருங்கட்டிகள் நிற்கும் இடத்தில், 12 வோற்று 1.2 வோற்றாக இறக்கப்படுகின்றது. கருங்கட்டி ஒவ்வொன்றும் ஒரு தூண்டற்சுருள், உருளைகள் கொள்ளளவிகள், வெப்பத்தகட்டின்கீழ் மறைந்திருப்பன ஆளித்தொழில் புரியும் திரான்சிற்றர்கள். திரான்சிற்றர் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும். திறந்திருக்கும் சிறுபொழுதில் வரும் மின்னைச் சுருள் ஏற்று, மூடியிருக்கும் பொழுதிலும் அறாது செலுத்தும். எஞ்சிய ஏற்றத்தாழ்வைக் கொள்ளளவி தணிக்கும். இத்தகைய தொகுதி ஒன்றே 108 அம்பியரையும் சுமப்பின் வெந்துபோம். ஆதலின் செயலியின் கருக்களுக்கென எட்டுத் தொகுதிகள் அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து இயக்குகின்றனர். துலா மிதிப்பார் எண்மர் முறைமாற்றி மிதித்தால் நீர் அறாது வருதல்போல, ஒவ்வொன்றும் பதினான்கு அம்பியருக்குக் குறைவாகவே சுமந்து, மொத்த ஓட்டம் சீராகின்றது. செயலியை விதித்த மீடிறனுக்கு மேலே உந்துவோர் இவ்விடத்தின் வலிமையையே முதலில் நோக்குவர், அது தக்கதே. சாதாரண பலகையில் இத்தொகுதிகள் குறைவு, வெப்பத்தகடும் இராது.

தாங்குகுழியின் இருபுறமும் நான்கு நான்காக நினைவகத் துண்டுகளுக்கான எட்டுப் பிளவுகள் உள. இவை நான்கு வழிகளாகச் செயலியோடு இணைகின்றன. ஒரு வழிக்கு 64 தரவுக்கோடுகளாக மொத்தம் 256. பலகையைச் சரித்துப் பார்த்த மாணவன் ஒருவன், சில செப்புக்கோடுகள் நேரே செல்லாது பாம்புபோல் நெளிந்து செல்வதேன் என்று வினவினான். மிக நல்ல வினா. டிடிஆர் 3 நினைவகம் 1600 என்னும் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு கோட்டிலும் செக்கனுக்கு 160 கோடி குறிகள் செல்லும். ஒரு குறிக்குக் கிடைப்பது 0.625 நனோசெக்கன். இத்தகைய பலகையிற் குறி ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 15 சதமமீற்றர் செல்லும். ஆகவே ஒரு குறியின் காலத்திற் கடக்கும் தூரம் 9 சதமமீற்றரளவே. ஒரு கோடு அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருந்தால், உடன் புறப்பட்ட குறிகள் உடன் வந்து சேரா. எனவே குறுகிய வழியுடைய கோட்டை நெளித்து நீட்டி, எல்லாவற்றின் நீளத்தையும் ஒப்பச் செய்கின்றனர். நான்கு வழியும் சேர்ந்து செக்கனுக்கு 51.2 கிகாபைற்று தரவைச் சுமக்க வல்லன. அவ்வளவும் இந்நெளிவின் நுட்பத்தில் தங்கியிருக்கின்றது.

கீழே நீண்ட பிளவுகள் படவட்டைகளுக்குரியன. செயலி தருவன 40 பாதைகள். நான்கு படவட்டைகளைச் செருகின் 16, 8, 8, 8 எனப் பங்கிடப்பட்டு நாற்பதும் தீர்ந்துவிடும். நான்கு படவட்டைகளை எவர் வாங்குவர் என்று மாணவர் நகைத்தனர். அக்காலத்தில் வாங்கினோர் இருந்தனர். இதற்கு மறுதலையாக, திரையை இணைக்கும் வாய் ஒன்றேனும் பலகையின் பின்புறத்திலே இல்லை. இவ்வகைச் செயலியினுள் படமாக்கும் பகுதி இல்லாமையே காரணம். தனிப் படவட்டை இன்றேல் இக்கணினி குருடாகவே இருக்கும். இதனை யாம் முன்னரே அறிந்திருந்தமையால், பழைய கணினி ஒன்றினின்றும் வட்டை ஒன்றைக் கழற்றி வைத்திருந்தோம்.

பலகையின் வலது ஓரத்தில் ஆர்வலர்க்கேயுரிய விநோதங்கள் பல. தொடக்கு பொத்தான், மீளத்தொடக்கு பொத்தான், வோற்றுமானியின் முனைகளை வைத்து அளத்தற்குரிய புள்ளிகள், இரண்டிலக்கங்காட்டும் சிறு விளக்கு என்பன அங்கே உள. திரவ நைதரசனுக்கென்றும் ஓர் ஏற்பாடு உண்டு. நைதரசன் -196 பாகை செல்சியசிற் கொதிக்கும். மீடிறனில் உலக எல்லையை நாடுவோர் செயலியின் மீது செப்புக்குவளை வைத்து அதனுள் இத்திரவத்தை வார்ப்பர். அத்தகைய கடுங்குளிரிற் சில செயலிகள் தொடங்க மறுக்கும். அம்மறுப்பைக் கடத்தற்கே அவ்வேற்பாடு. புழுங்கும் பங்குனி மாதத்தில் எமது ஆய்வுகூடத்தில் நின்று இதனை விளக்கியபோது எனக்கே சிரிப்பு வந்தது. தொடக்க நிரலைத் தாங்கும் பயோஸ் சில்லுகள் இரண்டாக அமைந்திருத்தலோ உண்மையிற் பயனுடையது; ஒன்றிலுள்ள நிரல் பழுதுபடின், பொத்தானை அமுக்கி மற்றதனுக்கு மாறலாம். காசுபோன்ற மின்கலம் எல்லாப் பலகைக்கும் பொதுவானது. அதன்மேல் எழுதியிருக்கும் சிஆர் 2032 என்பதன் எண்களே அளவைச் சொல்லும்: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. பெட்டியில் உறங்கிய ஆண்டுகளில் அது வலுவிழந்திருந்தது. பெட்டிக்கடையிற் புதியது வாங்கி இட்டோம்.

இனித் துணைப்பொருள்கள். பலகையின்கீழ்ச் சிறு பைகளில் நிறைந்திருந்த இவற்றை மேசையிற் பரப்பியபோது சந்தைக் கடை போலாயிற்று. எல்லாவற்றினும் எளியதாகத் தோன்றுவது, துளைகள் வெட்டிய மெல்லிய உலோகத் தகடு. இது கூட்டின் பின்புறத் துவாரத்தில் அமர்ந்து, பலகையின் வாய்களை மட்டும் வெளியே விடும். தகட்டின் நாக்குகள் வாய்களின் உலோகத்தைத் தொட்டுப் புவித்தொடுப்பாகின்றன. தூசியும் பூச்சியும் புகாமற் காக்கின்றன. இதனை முதலில் கூட்டிற் பொருத்தி, அதன் பின்னரே பலகையை வைத்தல் வேண்டும். மறந்து பலகையை முடுக்கிவிட்டால், எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டியதுதான். கணினி கூட்டுவோர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை மறந்திருப்பர். விளிம்பு கூரியது, அன்று சிந்திய இரத்தமெல்லாம் இதனாலேயே.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. கூட்டின் முகப்பிலுள்ள பொத்தான்களிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் வரும் மெல்லிய கம்பிகளைப் பலகையின் மூலையிலுள்ள சிற்றூசிகளில் ஒவ்வொன்றாகச் செருகுதல், கண் மங்கியவர்க்குத் தண்டனை. அக்கம்பிகளை வெளியிலேயே ஒரு சிறு பிளாஸ்ரிக்குக் கட்டையிற் செருகி, கட்டையை ஒரே முறையில் ஊசிகளின்மேல் அழுத்திவிடுமாறு செய்திருக்கின்றனர். நகத்தளவான பொருள், செய்யும் செலவும் அற்பம். இக்கட்டை எல்லாப் பலகையுடனும் வரலாமே என்று எண்ணினேன்.

வன்தட்டுக்களுக்கான சாற்றா வடங்களும், அவற்றில் ஒட்டுதற்குரிய பெயர்ச்சீட்டுக்களும் வேண்டிய அளவு இருந்தன. பழைய எல்ஜிஏ 1366 குழிக்கெனச் செய்த குளிர்விப்பானையும் இப்பலகையிற் பொருத்துமாறு, பின்புறத் தாங்கியை மாற்றுதற்குரிய தகடு ஒன்றும் உண்டு. ஏற்கெனவே உள்ளதை வீசாது பயன்படுத்த உதவுவதால் இதனை யான் பாராட்டுகின்றேன். எமது கையில் அத்தகைய குளிர்விப்பான் இல்லாமையால் அது பைக்குள் மீண்டது.

படவட்டைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பாலங்கள் மூன்று அளவுகளிற் கிடந்தன: இரண்டு வட்டைக்கு, மூன்றுக்கு, நான்குக்கு. என்விடியா நிறுவனத்தார் எஸ்எல்ஐ என்னும் இம்முறையை 2004 இற் கொண்டு வந்தனர். பல வட்டைகள் ஒரு காட்சியைப் பங்கிட்டு வரைந்தால் வேகம் பன்மடங்காகும் என்பது அதன் நம்பிக்கை. நடைமுறையில் இரண்டாம் வட்டை தந்த பயன் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபட்டது. மூன்றாவதும் நான்காவதும் தந்தது சிறிதே. 2021 ஆம் ஆண்டு சனவரி தொடக்கம் இதற்கான புதிய இயக்க விவரங்களைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது. ஆகவே, ஒருகால் பெருமையாய்ப் பெட்டியில் வைக்கப்பட்ட இப்பாலங்கள் இன்று செலுத்துவாரற்ற ஓடம்போற் கிடக்கின்றன. உடன் வந்த இயக்கி நிரல் வட்டும் அத்தகையதே. எமது புதிய கணினிகளில் அதனை இடுதற்கு வாயில்லை. பின்வந்த பலகைகள் பல, வட்டுக்குப் பதிலாக யூஎஸ்பி நினைவுக்கோலை வைத்து வரத் தொடங்கின.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, சாதாரண யூஎஸ்பி வடம். பலகையின் பின்புறத்துத் தனி வாய் ஒன்றை மடிக்கணினியோடு இணைத்து, ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் அழுத்தத்தையும் மீடிறனையும் வெளியிலிருந்தே பார்க்கவும் மாற்றவும் இது உதவும். மற்றது, விரற்கடையளவான ஒரு கருவி. அது படவட்டைக்கும் திரைக்கும் இடையே நின்று, பலகையிலிருந்து வரும் அளவுகளைத் திரையிலுள்ள காட்சியின் மேலேயே எழுதிக்காட்டும். விளையாட்டாளர்க்கென ஆக்கப்பட்டதாயினும், கற்பித்தற்கு இதனினும் உகந்த கருவி எளிதிற் கிடையாது. கணினி கடினமாகத் தொழிற்படும்போது அழுத்தமும் வெப்பநிலையும் மாறுவதை அப்பொழுதே வகுப்பு முழுவதும் காணலாம்.

பலகையைக் கூட்டில் வைக்குமுன், அதனைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் உள்ளனவா என்று எண்ணிச் சரிபார்த்தோம். வேண்டாத இடத்தில் ஒரு குமிழ் எஞ்சியிருந்தால், அது பலகையின் அடியைத் தொட்டுக் குறுஞ்சுற்றாக்கிவிடும். ஒன்று எஞ்சியே இருந்தது, கழற்றினோம். பின்னர் 24 முனை வடத்தையும், செயலிக்குரிய 8 முனை வடத்தையும் செருகித் தொடக்கு பொத்தானை அமுக்கினோம். விசிறிகள் சுழன்றன. சிறு விளக்கில் எண்கள் ஓடி 55 என்பதில் நின்றன. திரை இருண்டே இருந்தது.

அறை முழுவதும் அமைதியாயிற்று. பழைய பலகையின் நினைவு எனக்கு மட்டுமன்று, மூத்த மாணவர்க்கும் வந்திருத்தல் வேண்டும். கைந்நூலைப் புரட்டிய மாணவன், 55 என்பது நினைவகம் காணப்படாமையைக் குறிக்கும் என்று உரக்கப் படித்தான். மின்னை நிறுத்தி, நான்கு துண்டுகளையும் எடுத்து மீண்டும் இட்டோம். அவற்றுள் இரண்டு, சொடுக்கென்னும் ஓசை எழாமலே முன்னர் வைக்கப்பட்டிருந்தன. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் மாணவர் மென்மையாக அழுத்தியதன் விளைவு. செயலிக்கு அழுத்தம் வேண்டா, நினைவகத்திற்கு அழுத்தம் வேண்டும் என்று யான் முன்னரே கூறியிருத்தல் வேண்டும். மறுமுறை அமுக்கியபோது எண்கள் 55 ஐக் கடந்து ஓடின; திரை வெளித்தது.

செயலியின் மீடிறனை உயர்த்திப் பார்க்க வேண்டுமென மாணவர் பலர் இரந்தனர். இவ்வாண்டு வேண்டாமென்று கூறினேன். பலகை இப்போது உயர்தர வகுப்பின் செய்முறைப் பாடத்திற்கு ஓடுகின்றது. பாலங்களும் தகடுகளும் எஞ்சிய வடங்களும் செந்நிறப் பெட்டியினுள் இருக்கின்றன. தாங்குகுழி மூடி மட்டும் தனியே ஓர் உறையில் இடப்பட்டு, இன்னதென எழுதப்பட்டு, ஆய்வுகூட அலுமாரியின் மேற்றட்டில் இருக்கின்றது. பலகையை எவரேனும் எக்காலத்தேனும் கழற்ற நேர்ந்தால், செயலியை எடுத்தவுடன் முதலில் அதனை இட்டு மூடுவாராக.